முத்திரை எழுத்தர், எட்டில் ஒன்று

அவளுக்கு அரசாங்க வேலை கிடைத்தது முப்பத்தெட்டாவது வயதில். அதுவும் முழுசாகக் கிடைக்கவில்லை.

அதற்கு முன் பதினாறு வருஷம் ஓர் அச்சகத்தில் ரசீதுப் புத்தகங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தாள். எண் இயந்திரத்தின் கைப்பிடியை அழுத்தி அழுத்தி அவளுடைய வலது மணிக்கட்டு இடதைவிட ஒரு சுற்று பெருத்துவிட்டது. கடிகாரத்தை எந்தக் கையில் கட்டுவது என்று மாற்றிப் பார்த்தபோதெல்லாம் பட்டையில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. ஒருநாள் அச்சக முதலாளி இயந்திரத்தை விற்றுவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். அதன்பின் எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். வீட்டில் கணவன் இருந்தான், நகரப் பேருந்து ஓட்டுபவன். இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து ஏழாவது வருஷமாகத் தங்கியிருக்கும் நாத்தனாரும் இருந்தாள். வேலைக்கு விண்ணப்பம் போட இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

நகர அலுவலகத்தில் எட்டுப் பிரிவுகள். தண்ணீர், தெருவிளக்கு, சாலை, பூங்கா, துப்புரவு, நூலகம், பிறப்பு இறப்பு, தொலைந்த பொருள். எட்டும் தலைக்கொரு முத்திரை எழுத்தர் வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தன. மேலிடம் கடைசியில் மனமிரங்கி ஒரே ஒரு ஆளை அனுமதித்தது. அந்த ஆளை எட்டாகப் பங்குபோட்டு, பிரிவுக்கு எட்டில் ஒரு பங்கு என்று ஒதுக்கியது. எட்டையும் கூட்டினால் ஒரு முழு ஆள் என்று மேலிடத்துக்குத் தெரியும். ஆனால் உத்தரவு எட்டுத் தனித்தனிக் காகிதங்களாக வந்தது. ஏழு பிரிவுகள் அதைக் கோப்பில் போட்டு நாடா கட்டிவிட்டன. தண்ணீர்ப் பிரிவு மட்டும் அவசரப்பட்டு விளம்பரம் கொடுத்தது: "தேவை: முத்திரை எழுத்தர், 1/8."

அவள் அதை அச்சுப்பிழை என்று நினைத்தாள். அச்சகத்தில் இருந்தவள் அல்லவா.

தலைமை எழுத்தர் நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். விதிப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்தவர். அதில் ஒரு வரிக்காவது என்ன அர்த்தம் என்று யோசித்துத் தன் நேரத்தை வீணாக்காதவர்.

"உங்களை எட்டுல ஒரு பங்கா எடுத்திருக்கோம்மா" என்றார்.

"எந்தப் பங்கு சார்?"

"எந்தப் பங்கா இருந்தா என்ன? எட்டும் சமம். சமமா இல்லேன்னா அதுக்குப் பேரு எட்டுல ஒண்ணு இல்ல, வெறும் துண்டு."

இதை அவர் சரியாகத்தான் சொன்னார். பிரிவு மூன்று, உட்பிரிவு நான்கில் அப்படியே இருந்தது.

வேலை நாளுக்கு எட்டு மணி நேரம் என்பதால் அவளுக்கு ஒரு மணி நேரம், காலை ஒன்பதிலிருந்து பத்து வரை. தலைமை எழுத்தர் சாக்பீஸ் எடுத்து, ஆறடிக்கு மூன்றடி மேஜையில் குறுக்கே மூன்று கோடும் நெடுக்கே ஒரு கோடும் இழுத்தார். எட்டுக் கட்டம் விழுந்தது. மூலையில் இருந்த ஒரு கட்டம் அவளுடையது, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. முத்திரை, மைப்பெட்டி, கோப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முழங்கை கோட்டைத் தாண்டினால் இருமுவார். கையெழுத்திலும் எட்டில் ஒரு பங்குதான் போடலாம். நல்லவேளையாக அவள் பெயருக்குச் சரியாக எட்டெழுத்து. முதல் எழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிவிடுவாள்.

நாற்காலிதான் தகராறு. ஒதுக்கீட்டுச் சீட்டில் "நாற்காலி 1/8" என்று இருந்தது. பண்டகசாலைக்காரர் அதைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"நாற்காலிக்குக் கால் நாலு. நாலை எட்டாப் பங்கு போட்டா ஒரு பங்குக்கு அரைக் கால்" என்றார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "அட, எட்டுல ஒண்ணுக்கு அந்தக் காலத்துப் பேரே அரைக்கால்தானே! காலுல பாதி அரைக்கால். எவ்வளவு பொருத்தம் பாரும்மா!"

பொருத்தம் பார்த்துப் பூரித்துப்போன மனிதர், உடைந்த நாற்காலி ஒன்றின் காலைப் பாதியாக அறுத்து, அவள் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஓரெழுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கட்டடத்தில் முக்காலே மூணுவீசம் பேருக்கு அவள் "அரைக்கால் அக்கா".

அரைக் காலில் யாரால் உட்கார முடியும்? முதல் வாரம் நின்றுகொண்டே குத்தினாள். இரண்டாவது வாரம் துப்புரவுக்காரம்மா தன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காரு தாயி" என்றாள். துப்புரவுக்காரம்மாவும் பின்னப் பதவிதான், கால் ஆள். வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்கு நாற்காலியில் ஒரு முழுக் கால் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் எலி அடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் வாளியில் உட்கார்ந்த மூன்றாம் நாளே தலைமை எழுத்தர் ஒரு சுற்றறிக்கை விட்டார். 1/4 ஊழியர்கள் 1/8 ஊழியரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும்.

"ஏன் சார்?" என்று அவள் கேட்டாள்.

"எட்டு பெருசா, நாலு பெருசா?"

"எட்டு."

"அப்ப எட்டுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா? பதவி மரியாதைன்னு ஒண்ணு வேணாமா?"

அவளுக்கு வாய்வரை பதில் வந்தது. ஆனால் புது வேலை, நாவை அடக்கிக்கொண்டாள். துப்புரவுக்காரம்மாவுக்கு அடக்க வேண்டிய அவசியம் இல்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே வந்து நின்றாள்.

"சாரே, நான் எத்தனை மணி நேரம் பெருக்குறேன்?"

"ரெண்டு."

"இது எத்தனை மணி நேரம் குத்துது?"

"ஒண்ணு."

"அவ்வளவுதான் என் கேள்வி" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தலைமை எழுத்தர் வெகுநேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்குக் கிடைப்பது குறையும் என்ற விஷயம் அவருக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அடிவரை போய்ச் சேரவில்லை. சுற்றறிக்கையை ரத்து செய்யாமல் நிறுத்திவைத்தார்.

அடுத்த வருஷம் தெருவிளக்குப் பிரிவு தூக்கம் கலைந்து தன் பங்கு எழுத்தரை எடுக்க விளம்பரம் கொடுத்தது. அவளே விண்ணப்பித்தாள், வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. பத்திலிருந்து பதினொன்று வரை தெருவிளக்கு. இப்போது இரண்டு மணி நேர வேலை. ஆனால் மேஜையில் கட்டம் ஒன்றுதான், கையெழுத்தும் ஓரெழுத்துதான். போய்க் கேட்டாள்.

தலைமை எழுத்தர் காகிதத்தில் போட்டே காட்டினார். "மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ எட்டும் எட்டும் பதினாறு. ஆக, பதினாறுல ரெண்டு. சுருக்கினா எட்டுல ஒண்ணு. நீங்க இருந்த இடத்துலதான்மா இருக்கீங்க. நானா வேணாம்னு சொல்றேன்? கணக்கு சொல்லுது."

ஒரு மாதம் அந்தக் கணக்குப்படி இரண்டு வேலையை ஒரு கட்டத்துக்குள் செய்தாள். கோப்புகள் கழுத்துவரை உயர்ந்தன. ஒருநாள் காலை பேருந்தில் கணவனுக்குப் பின்னால் இருக்கையில் உட்கார்ந்து, மடியில் விரலால் கட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

"என்ன யோசனை?" என்றான் கணவன், கண்ணாடி வழியாக.

"ஏங்க, ஒரு குடமும் இன்னொரு குடமும் சேர்ந்தா என்ன?"

"ரெண்டு குடம்."

"இரட்டைக் குடம்னு ஒண்ணு ஆயிடாதே?"

"நீ முதல்ல இறங்கு, பின்னாடி வண்டி ஹாரன் அடிக்கிறான்."

நடந்து திரும்பி வரும்போது அவளுக்குத் தெளிந்துவிட்டது. கீழே இருக்கும் எட்டு வெறும் பெயர்தான். குடம், படி, முழம் என்பதுபோல அது எந்த அளவுத் துண்டு என்று சொல்கிறது. எத்தனை துண்டு என்று சொல்வது மேலே இருப்பது. எட்டில் ஒன்று இரண்டு சேர்ந்தால் எட்டில் இரண்டு. மூன்று சேர்ந்தால் எட்டில் மூன்று. துண்டை எண்ணிக்கொண்டே போகலாம், துண்டின் பெயர் மாறாது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு மாதம் கழுத்து வலித்திருக்கிறதே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

நேரே போய் மேஜையைக் காட்டினாள். "சார், இதுல எத்தனை கட்டம்?"

"எட்டு."

"தண்ணிக்கு ஒண்ணு, விளக்குக்கு ஒண்ணு. ரெண்டு கட்டம் என்னுது. பதினாறு எங்க இருக்கு, காட்டுங்க."

தலைமை எழுத்தர் மேஜையைப் பார்த்தார். மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். அவருடைய கணக்குக்குப் பதினாறு கட்டம் தேவை, இருப்பது எட்டு. வேறு யாராக இருந்தாலும் கணக்கை மாற்றியிருப்பார்கள். அவர் பண்டகசாலைக்குப் போய் இன்னொரு மேஜை கொண்டுவரச் சொன்னார்.

இரண்டாவது மேஜை வந்தது. அதிலும் கோடு போட்டார்கள். முதல் மேஜையில் ஒரு கட்டம், இரண்டாவதில் ஒரு கட்டம். இரண்டுக்கும் நடுவே இருந்த சந்தில் வாளியைப் போட்டு உட்கார்ந்து, மேஜைக்கொரு முழங்கையாகப் பங்கு வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். தலைமை எழுத்தர் முகத்தில் வெற்றிக் களை.

"சார்" என்றாள், சரியாகப் பதினொரு மணிக்கு, வேலை முடிந்து எழுந்தபோது. "மேஜை ரெண்டு கொண்டாந்துட்டீங்க. நாளு? நான் வேலை செய்யறது ரெண்டு மணி நேரம். உங்க கணக்குக்குப் பதினாறு மணி நேரம் வேலை நாள் வேணுமே. அதுக்கு இன்னொரு பகல் வேணும்."

தலைமை எழுத்தர் பழக்கதோஷத்தில் பண்டகசாலைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"பகல் ஸ்டாக்குல இல்லைங்க" என்றார் அவர் பணிவாக.

அன்று தலைமை எழுத்தர் சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டாவது மேஜை திரும்பிப் போயிற்று. முதல் மேஜையில் அவளுக்கு இரண்டாவது கட்டமும், பெயரில் இரண்டாவது எழுத்தும், நாற்காலியில் இன்னொரு அரைக் காலும் கிடைத்தன. இரண்டு அரைக் காலையும் பண்டகசாலைக்காரர் வாங்கிக்கொண்டு ஒரு முழுக் காலாகக் கொடுத்தார். துப்புரவுக்காரம்மா அதைத் தன் காலோடு உயரம் பார்த்தாள்.

"ரெண்டு அரைக்கால் ஒரு கால். இப்ப நீயும் நானும் ஒண்ணு தாயி" என்றாள்.

அதன்பின் ஏறுமுகம்தான். மூன்றாவதாகச் சாலைப் பிரிவு வந்தது. எட்டில் மூன்று, அந்தக் காலத்துக் கணக்கில் காலே அரைக்கால். அதில் ஒரு சங்கடம் நேர்ந்தது. அவள் பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தனியாகப் பிரித்தாலும் ஒரு பெண்ணின் பெயர்தான். சாலைப் பிரிவுக் கோப்புகளில் அந்தப் பெயரில் கையெழுத்து விழ ஆரம்பித்ததும், வெளியூர் ஒப்பந்தக்காரர்கள் அந்த அம்மாவைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். "அவங்க யாரு? எங்க ஆபீஸ்ல அப்படி யாரும் இல்லையே" என்று அவளே பலமுறை உண்மையாகச் சொல்லியனுப்பினாள். பிறகுதான் பொறி தட்டியது. பூங்காப் பிரிவு நான்காவது எழுத்தைக் கொடுத்த பிறகுதான் அந்த அம்மாளின் தொல்லை ஒழிந்தது.

அரையானபோது இரண்டு கால் வைத்த இருக்கை வந்தது. சுவரில் சாய்த்தால் நிற்கும், மூச்சை இழுத்து விட்டால் விழும். துப்புரவுப் பிரிவோடு அரையே அரைக்கால். நூலகம் சேர்ந்து எட்டில் ஆறு, அதாவது முக்கால் ஆனபோது பண்டகசாலைக்காரர் மூன்று காலுள்ள இருக்கையைத் தாமே தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். "முக்காலுக்கு முக்காலி! நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள இதைப் பாப்பேன்னு நெனைக்கல!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். வாளியை விட்டு எழுந்து அவள் முதன்முதலாக ஆடாமல் உட்கார்ந்தது அன்றுதான். பிறப்பு இறப்போடு முக்காலே அரைக்கால். தொலைந்த பொருளோடு எட்டில் எட்டு.

நாலு வருஷமும் சில மாதமும் ஆகியிருந்தன. மேஜையில் சாக்பீஸ் கோடுகளைத் துடைத்துவிட்டு, நாலு காலுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, எட்டெழுத்தையும் முழுசாகப் போட்டாள். கடைசி எழுத்தை எழுதிப் பல நாளானதால் அதன் சுழியை எந்தப் பக்கம் சுழிப்பது என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. முழு ஆள்கள் அந்தக் கட்டடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பத்தொன்றாவது முழு ஆளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

இதற்குள் தலைமை எழுத்தர் வேறு மனிதராக மாறிவிட்டிருந்தார். புரியாமல் இருந்தபோது எவ்வளவு பிடிவாதமோ, புரிந்த பிறகும் அவ்வளவு பிடிவாதம். கடிகாரத்தைப் பார்த்து "நாள்ல எட்டுல அஞ்சு ஆச்சு" என்பார். மனைவி ஊருக்குப் போனால் "வீடு ரெண்டுல ஒண்ணா இருக்கு" என்பார். அவர்தான், புதிதாக ஒன்பதாவதாகப் புகார்ப் பிரிவு தொடங்கி அதற்கும் எட்டில் ஒரு பங்கு முத்திரை எழுத்தர் என்று உத்தரவு வந்தபோது, துள்ளிக் குதித்து ஓடிவந்தார்.

"எண்ணிக்கிட்டே போகலாம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? எட்டுல எட்டோட நின்னுடணும்னு ஏதாச்சும் சட்டம் இருக்கா? எட்டுல ஒன்பது!"

சட்டம் இருக்கவில்லை. அவள் ஒத்துக்கொண்டாள். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, எல்லோரும் போன பிறகு, காலியான கூடத்தில் புகார்க் கடிதங்களுக்கு முத்திரை குத்தினாள். மற்ற எட்டு மணி நேரமும் முத்திரைதான் குத்தினாள். இந்த ஒரு மணி நேரத்தில் படிக்கவும் செய்தாள். ஒருவர் தன் தெருவில் நாய்கள் குரைப்பதில்லை, அது இயற்கைக்கு மாறாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் வாரம் தவறாமல், புகார் ஒன்றும் இல்லை, தெரியப்படுத்தலாம் என்றுதான், என்று எழுதினார். அவருக்குக் கூடுதலாக ஒரு முத்திரை குத்துவாள். நாளிலேயே அவளுக்குப் பிடித்த மணி நேரம் அதுதான்.

மேஜைக்கு வெளியே ஒன்றரை அடிப் பலகை ஒன்று நீட்டினார்கள். பெயருக்கு அடுத்து ஒன்பதாவது எழுத்தாகத் தன் முதலெழுத்தையே மறுபடி போட்டாள். நாற்காலிக்கு நாலரைக் கால் ஆயிற்று. அந்த அரைக் காலை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் பண்டகசாலைக்காரர் இருக்கையின் அடியில் நட்டநடுவே, தரையைத் தொடாமல் தொங்கும்படி ஆணியடித்தார். அது அவள் குதிகாலைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

வினை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. வருஷாந்தர தணிக்கைக்கு வந்தவர் குட்டையான மனிதர். அவள் நாற்காலிக்குப் பின்னால் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவரின் நெற்றியில் அந்த அரைக் கால் நங்கென்று இடித்தது. எழுந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கால்களை எண்ணினார். ஒதுக்கீட்டுச் சீட்டைக் கேட்டார். படித்தார்.

"எட்டுல ஒன்பது பங்கு" என்றார். "எட்டுப் பங்கு ஒரு ஆள். சரி. அது நீங்க. மீதி ஒரு பங்கு யாரு?"

"அதுவும் நான்தான் சார்."

"அது எப்படிம்மா? ஒரு ஆளுக்கு மேல ஒரு ஆள் இருக்க முடியாது. ஒரு ஆள் முடிஞ்சா அடுத்த ஆள்தான் ஆரம்பிக்கணும். ஆக, இங்க ரெண்டாவதா ஒருத்தர் எட்டுல ஒரு பங்கா வேலையில இருக்கார். வருகைப் பதிவுல அவர் கையெழுத்து எங்க?"

தலைமை எழுத்தர் குறுக்கே வந்து, ஒன்றரை ரொட்டி, இரண்டேகால் முழம் என்றெல்லாம் உதாரணம் காட்டி வாதாடினார். "ரொட்டிக்கு வருகைப் பதிவு கிடையாது" என்று தணிக்கையாளர் சொன்னதும் அடங்கிவிட்டார். பதினாலு மாதமாக வேலைக்கே வராத அந்த எட்டில் ஒரு பங்கு ஊழியரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அதற்கு அவளே முத்திரை குத்தினாள். முகவரி வேறு தெரியாததால் அவள் வீட்டுக்கே அனுப்பினார்கள்.

கடிதத்தை வாங்கியது நாத்தனார். உறைமேல் "முத்திரை எழுத்தர் (இரண்டாமவர்)" என்றிருந்ததைப் படித்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தம்பி வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

"ஏன்டா, ரெண்டாவதா ஒருத்தி இருக்காளா? எத்தனை நாளா? அவளுக்கு இந்த வீட்டு விலாசத்தையே குடுத்திருக்கியே, உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்!"

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது, சத்தியமா!" என்று பேருந்துக்காரன் அலறினான்.

"அண்ணி, அது நான்தான்" என்றாள் அவள். "என்னில எட்டுல ஒரு பங்கு."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தப் பங்கு?"

"எல்லாம் சமம் அண்ணி."

விசாரணை ஒரு புதன்கிழமை நடந்தது. எதிரே இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் அவள், சாட்சியாக. மற்றது குற்றம் சாட்டப்பட்டவருக்கு. அதன்மேல் ஒரு மின்விசிறி காற்றைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் பக்கம் விசிறி இல்லை.

"எதிரிக்கும் உங்களுக்கும் என்ன உறவு?" என்றார் தணிக்கையாளர்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பங்காளி, சார்."

"அவர் வேலை பார்த்ததை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"தினமும் பார்த்தேன் சார். அஞ்சு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும். ஒருநாளும் தப்பாம வந்தாங்க. ஒரு கடிதம்கூட நிலுவையில இல்ல."

தணிக்கையாளர் புகார்ப் பிரிவின் கோப்புகளை வரவழைத்துப் பார்த்தார். உண்மையிலேயே ஒன்றும் நிலுவை இல்லை. அதுமட்டுமல்ல, கட்டடத்திலேயே முத்திரை நேராக விழுந்திருந்தது அந்தப் பிரிவில்தான். அவர் கொஞ்சம் இளகினார். வேலையில் குற்றமில்லை, வருகையில்தான் குற்றம். ஆளை நீக்குவது நியாயமில்லை, வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே இரண்டாம் முத்திரை எழுத்தர் உடல்நலம் கருதி விருப்ப ஓய்வு பெறுவதாக முடிவு செய்து எழுதினார். ஓய்வு பெறுபவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார். அவள் ஓரெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஓய்வு என்று வந்துவிட்டால் வழியனுப்பு விழா நடத்தியே தீர வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை மாலை கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். மேடையில் விழா நாயகருக்கு ஓர் இடம் விட்டு, அங்கே அந்த ஒன்றரை அடிப் பலகையை நிறுத்தியிருந்தார்கள். நாற்பது பேரும் வந்திருந்தார்கள். பண்டகசாலைக்காரர் அந்த ஊழியரைத் தாம் நேரில் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை என்று வருந்தினார். துப்புரவுக்காரம்மா மட்டும், "பார்த்தேன், பார்த்தேன், நல்ல பொம்பள" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் போட்டாள்.

தலைமை எழுத்தர் எழுந்து, எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைப் பிரித்தார். பிறகு அதை மடித்துவிட்டார்.

"இந்த அம்மா நம்ம ஆபீஸ்ல எட்டுல ஒரு பங்குதான். ஆனா நாம எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, விளக்கு அணைஞ்ச கட்டடத்துல, யாரும் பாக்காத நேரத்துல வேலை பார்த்தாங்க. ஜனங்க எழுதறதைப் பிரிச்சுப் படிச்ச ஒரே ஆள் இவங்கதான். நாங்க எவ்வளவோ தப்புக் கணக்குப் போட்டோம். இவங்க ஒருநாளும் முகம் சுளிக்கல. இப்படி ஒருத்தர் நம்ம கூட இருந்தாங்கன்னு நாம ஒருநாளாவது அவங்க கிட்ட சொல்லியிருக்கோமா?"

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் மேடையில் இருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முழு ஆளாக உட்கார்ந்திருந்த இத்தனை நாளில் இதில் ஒரு வார்த்தையைக்கூட யாரும் சொன்னதில்லை. பக்கத்தில் இருந்த பூங்காப் பிரிவுக்காரி, "நெருங்கின சிநேகிதமோ?" என்று கேட்டுக் கைக்குட்டையை நீட்டினாள். வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் வந்தபோது அவளும் பலமாகத் தட்டினாள். அந்த வலது கைக்குத் தட்டல் நன்றாகவே வரும்.

நினைவுப் பரிசாக ஒரு குடை. உரியவரிடம் சேர்த்துவிடச் சொல்லி அவளிடமே கொடுத்தார்கள்.

வழக்கத்தைவிடத் தாமதமாகிவிட்டது. கணவனின் பேருந்து கடைசி நிறுத்தத்தில் காலியாக நின்றது. ஏறி அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

"குடை ஏது?" என்றான் கண்ணாடி வழியாக.

"ஆபீஸ்ல ஒருத்தங்க வேலையை விட்டுப் போறாங்க. அவங்களுக்குக் குடுத்தது."

"எனக்குத் தெரிஞ்சவங்களா?"

"கொஞ்சம் தெரியும்."

அவன் வண்டியைக் கிளப்பினான். திங்கட்கிழமையிலிருந்து ஐந்து மணிக்கே வந்துவிடுவேன் என்று அவள் சொன்னாள். அப்படியென்றால் ஐந்து மணி ஐந்து வண்டியை நான்தான் ஓட்டுகிறேன், பின்வாசலுக்கு வந்து நின்றால் ஏற்றிக்கொள்வேன், ஆனால் ஒரு நிமிஷம்தான் நிறுத்த முடியும் என்று அவன் சொன்னான். ஒரு நிமிஷம் போதும் என்றாள். வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றப் பார்த்தாள், அது பாதியில் சிக்கிக்கொண்டது.